பரவாயில்லை என்னும் சொல்

வணக்கம் ஐயா,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பள்ளி மாணவர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தில், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாளொன்றுக்கு 2500 சொற்கள் முடிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் கணக்கு. நான் பெரும்பாலான நாட்களில் 1200ஐத் தாண்டுவதில்லை. ஒரு சொல் சரியாக அமையாவிட்டால் என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை. உடன் பணிபுரிபவர்கள் கணினி தரும் மொழிபெயர்ப்பை எடுத்து எழுத்துப்பிழைகளை மட்டும் களைந்து அனுப்பிவிடுகிறார்கள். "எட்டாம் வகுப்புப் பையனுக்கு இதற்கு மேல் எதற்கு? புரிந்தால் போதும், பரவாயில்லை" என்கிறார் மேலாளர். அவர் கெட்டவர் அல்லர். எனக்கு ஊதிய உயர்வு கிடைக்காதபோது உண்மையாகவே வருந்தினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய இலக்கிய வட்டம் ஒன்றில் இருக்கிறேன். சென்ற மாதம் நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்குக் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் அனைவரும் தமிழ்க் கவிதையின் போக்கையே மாற்றப்போகும் நூல் என்றார்கள். என் முறை வந்தபோது, இதிலுள்ள நாற்பதில் இரண்டுதான் கவிதைகள் என்றும், அந்த இரண்டையும் எழுதியவர் மற்ற முப்பத்தெட்டை எப்படி உள்ளே விட்டார் என்று புரியவில்லை என்றும் சொன்னேன். அதன்பின் நண்பர் என்னுடன் பேசுவதில்லை. வட்டத்தின் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தரம், தகுதி என்ற சொற்களை வைத்து இந்த நாட்டில் யாரையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று உனக்குத் தெரியாதா? நீயும் அதையே பேசுகிறாயே" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என் பிடிவாதம் உண்மையிலேயே வேலையின் மீதுள்ள அக்கறையா, அல்லது மற்றவர்களைவிட நான் மேலானவன் என்று எண்ணிக்கொள்வதற்கு நானே கண்டுபிடித்த வழியா என்ற ஐயம் இப்போது வந்துவிட்டது. சென்ற வாரம் மொழிபெயர்த்த பாடத்திலிருந்து ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

அன்புடன்,
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாட்கள் கையில் வைத்திருந்தேன். இணைத்திருந்த பக்கத்தையும் படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நான் அருகிலிருந்து பார்த்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரம் என்பதைப் பற்றி எனக்குள்ள எண்ணங்கள் அங்கேதான் உருவாயின.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், ஆடுதுறையை அடுத்து, நரசிங்கம்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. நாதசுவரம் செய்யும் ஊர். 2022இல் அவ்வூர் நாதசுவரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்களில் சில நாட்கள் அதன் பெயர் அடிபட்டது. அதற்கு முன்பே, நாதசுவரம் வாசிக்கும் நண்பர் ஒருவர் புதுக் கருவி வாங்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். பட்டறை என்று நான் கற்பனை செய்திருந்ததற்கும் அங்கே கண்டதற்கும் தொடர்பே இல்லை. ஒரு வீட்டின் முன்பகுதி. சுவரோரம் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய உத்தரங்களும் தூண்களும் அடுக்கிக் கிடந்தன. நாதசுவரத்தின் உடல், அவர்கள் உலவு என்று சொல்வது, ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. புதிதாக வெட்டிய ஆச்சாவை அவர்கள் தொடுவதில்லை. புதுமரத்தில் ஈரம் இருக்கும். காயும்போது அது முறுக்கும், வெடிக்கும், உள்துளையின் அளவு மாறும், சுருதி கலையும். ஆகையால் யாரோ ஒருவர் வீட்டுக் கூரையை எழுபது எண்பது ஆண்டுகள் தாங்கி நின்று, ஈரமெல்லாம் வற்றி, இனி மாறுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்த மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். அந்த மரத்தைக் கடைந்து, மேலே குறுகியும் கீழே விரிந்தும் போகும் துளையை உள்ளே குடைந்து, அடியில் வாகை மரத்தில் செய்த, புனல்போல் விரியும் அணைசைப் பொருத்துகிறார்கள். விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே விரல் படாத ஐந்து துளைகள் உண்டு; அவை சுருதியை ஒழுங்குசெய்வதற்கானவை, வேண்டிய அளவுக்கு மெழுகால் அடைத்துக்கொள்ளலாம்.

நண்பர் தம் சீவாளியை, வாயில் வைத்து ஊதும் நாக்கை, பொருத்தி ஊதினார். கீழிருந்து மேலே ஏறினார், இறங்கினார். இடையில் ஒரு சுரத்தில் நின்றார். மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றார். பிறகு கருவியை இறக்கி, ஒன்றும் பேசாமல் செய்தவரிடம் நீட்டினார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்துளையைப் பார்த்தார். உள்ளே எங்கோ லேசாகச் சுரண்டினார், ஊதித் தூசியைத் தள்ளினார், திருப்பிக் கொடுத்தார். இது ஐந்தாறு முறை நடந்தது. எனக்கு முதல் தடவையே நன்றாகத்தான் கேட்டது. பொறுக்கமாட்டாமல், "நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டும்விட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கோபமான பார்வை இல்லை. தெருவில் விளையாடும் குழந்தை கடைக்குள் எட்டிப் பார்த்தால் பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. அன்று மாலை வரை இருந்துவிட்டுக் கருவி வாங்காமலேயே திரும்பினோம். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார். வழியில் நண்பரிடம் அலுப்பைக் காணவில்லை; நல்ல பேச்சு ஒன்றைப் பேசி முடித்து வருகிறவர்போல இருந்தார்.

அந்தச் சுரம் மத்திமம், ச ரி க ம என்பதில் வரும் ம, என்று பிறகு சொன்னார். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முன்பு வழக்கத்தில் இருந்தது திமிரி என்னும் குட்டையான நாதசுவரம். உச்ச சுருதியில் ஒலிப்பது; கோயில் திருவீதி உலாவில் நான்கு தெருவுக்கும் கேட்க வேண்டிய கருவிக்கு அந்தக் கூர்மை தேவைப்பட்டது. பக்கத்து ஊரான திருவாவடுதுறையின் டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கச்சேரி மேடையில் மணிக்கணக்கில் ராகம் வாசிக்கத் தொடங்கியபோது, அந்தச் சுருதி அவருக்கு ஒத்துவரவில்லை. சுருதியைத் தாழ்த்த வேண்டுமானால் கருவியை நீளமாக்க வேண்டும். நீளமாக்கினால் துளையின் விட்டம், துளைகளின் இடைவெளி எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி அதைச் செய்தார். மூன்றடிக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள, கனமான நாதம் கொண்ட பாரி நாதசுவரம் அப்படித்தான் மேடைக்கு வந்தது.

அதிலும் ஒரு குறை எஞ்சியிருந்தது. மத்திமத்தின் இரண்டு வகைகளில் தாழ்ந்ததான சுத்த மத்திமம் கருவியில் தானாகச் சரியாக விழாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் பிடித்துக் கொண்டுவர வேண்டும். தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களில் முதல் 36க்கும் சுத்த மத்திமம்தான். சங்கராபரணம், கரகரப்பிரியா, காம்போதி எல்லாம் அந்தப் பக்கம். தோடியும் அந்தப் பக்கம்தான். தோடி என்றாலே ராஜரத்தினம் பிள்ளை என்று இன்றும் சொல்கிறார்கள். இதில்தான் எனக்கு வியப்பு. எந்த ராகத்துக்காக நாடே அவரைக் கொண்டாடியதோ, அந்த ராகத்துக்குத் தேவையான மத்திமம் அவர் கையிலிருந்த கருவியில் ஒழுங்காக இல்லை. கேட்டவர்களுக்கு அது தெரியவும் இல்லை. அவர் உதடு அதை மறைத்துவிட்டது. அவர் நினைத்திருந்தால் அதோடு விட்டிருக்கலாம். தம்மால் சமாளிக்க முடிகிற ஒரு குறையை, யாரும் கண்டுபிடிக்காத ஒரு குறையை, அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆசாரியும் பொறுத்துக்கொள்ளவில்லை. பல முயற்சிகளுக்குப் பிறகு, 1950களின் நடுவில், ராஜரத்தினம் பிள்ளை மறைவதற்குச் சிறிது காலம் முன்பு, சுத்த மத்திமம் சரியாகப் பேசும் கருவியை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தார். அதை அனுபவிக்கப் பிள்ளைக்கு அதிக நாள் வாய்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. மேன்மையான வேலை என்பது ஒருவருடைய மேதைமையிலிருந்து மட்டும் பிறப்பதாக நாம் நினைக்கிறோம். நான் பார்த்தவரையில், அது திருப்பிக் கொடுக்கத் தெரிந்த ஒருவருக்கும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஒருவருக்கும் இடையில்தான் பிறக்கிறது. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அது நடக்காது. ஆசாரி எவ்வளவு பெரிய கைக்காரராக இருந்தாலும், 'இதுவே போதும்' என்று சொல்கிறவர்கள் மட்டுமே அவரிடம் வந்திருந்தால், திமிரியையே அழகாகக் கடைந்து கொடுத்துக்கொண்டு இருந்திருப்பார்.

இதன் மறுபக்கத்தையும் அதே நண்பரிடம்தான் கண்டேன். பின்னொரு நாள் அவர் வாசித்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் அறுநூறு பேர் இருந்திருப்பார்கள். புகைப்படக்காரரின் ஏற்பாடுகள் ஒருபுறம், ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் ஒருபுறம். யாரோ ஒருவர் கையை உயர்த்திச் சைகை காட்டினால் கெட்டிமேளம். கையை இறக்கினால் நிறுத்த வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம், யாருமே கேட்கவில்லையே, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். கேட்காதது பழகிவிட்டது என்றார். பயம் வேறொன்றில் இருக்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் தொடர்ந்து வாசித்தால் விரல் தானாகப் பழைய தடத்தில் ஓட ஆரம்பிக்கிறது, நேற்றுப் போட்ட பிடியையே இன்றும் போடுகிறது, அதைவிடக் கொடுமை, அது தமக்கே தெரியாமல் போகிறது என்றார். பக்கத்தில் இலையை மடித்துக்கொண்டிருந்த தவில்காரர் நிமிர்ந்து, "எனக்குத் தெரியுதுல்ல" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா என்று தெரியாது. அந்த ஒரு மனிதரால்தான் நண்பர் இன்னும் வாசிப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மேலாளர் சொன்ன 'பரவாயில்லை'க்கு வருகிறேன். பரவா என்பது பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக நமக்கு வந்த சொல். கவலை, பொருட்படுத்துதல் என்று பொருள். பரவாயில்லை என்றால் பொருட்படுத்த ஒன்றுமில்லை. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவரிடம் சொல்வதற்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் நாம் அதை மதிப்பெண்ணாகவும் ஆக்கிவிட்டோம். சாப்பாடு எப்படி? பரவாயில்லை. மொழிபெயர்ப்பு எப்படி? பரவாயில்லை. இதற்கு எதிரே தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது: மெனக்கெடுதல். வினைக்கெடுதல் என்பதன் மரூஉ அது. ஒன்றைச் செய்வதற்காக மற்ற வேலைகளைக் கெடுத்துக்கொள்வது. எந்தப் பேரகராதிக்காரரும் சொல்லித்தராத பொருளாதாரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நேர்த்தி இலவசமாகக் கிடைப்பதில்லை. வேறொன்று கெட்டுத்தான் அது வருகிறது. உங்களுக்குக் கெட்டது ஊதிய உயர்வு. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. தரத்துக்காகப் பட்டினி கிடந்தவர்களின் கதைகளை உருகி உருகிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்களாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

இனி, உங்கள் மூத்தவர் கேட்ட கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க முடியாது, கூடாது. அவர் சொன்னது வரலாற்று உண்மை. தகுதி என்ற பெயரில் இந்த மண்ணில் நடந்ததெல்லாம் பெரும்பாலும் பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்தியதுதான். இசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜரத்தினம் பிள்ளைக்குச் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது கடைசிவரை வழங்கப்படவில்லை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாதத்தைத் தோலிலும் மரத்திலும் பல்லாண்டுகள் உருவாக்கிக் கொடுத்த பர்லாந்து என்ற தஞ்சாவூர் தலித் கிறித்தவக் கைவினைஞரின் பெயர் மிக அண்மைக்காலம் வரை வெளியே பேசப்படவே இல்லை. மாட்டுத்தோலை எந்த இடத்தில் எந்த அளவு எடுப்பது, தோலின் நடுவே கருப்பாகத் தெரியும் கரணையை எத்தனை முறை தேய்த்து இடுவது என்பதெல்லாம் அந்த நாதத்தில் பாதி. அந்தப் பாதியைச் செய்தவருக்கு மேடையில் இடமில்லை, பாராட்டில் பங்கில்லை. எனவே தரத்தைப் பற்றிப் பேசுகிற எவரும், அது யாருடைய தரம் என்று கணக்கில் ஏறியது, யாருடையது ஏறவில்லை என்பதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

ஆனால் மூத்தவர் இதிலிருந்து இறங்கும் இடம் எனக்கு உடன்பாடில்லை. பர்லாந்துக்கு இழைக்கப்பட்ட அநீதி, மிருதங்கத்தில் நேர்த்தி எதிர்பார்க்கப்பட்டதால் நேர்ந்ததா? அவருடைய நேர்த்தியை ஒப்புக்கொள்ளாததால் நேர்ந்தது. இரண்டும் வேறு. தகுதி என்பது ஆளைப் பார்த்துக் கேட்கும் கேள்வி: நீ யார், எங்கிருந்து வருகிறாய், உள்ளே வர உனக்கு உரிமை உண்டா? நேர்த்தி என்பது செய்த பொருளைப் பார்த்துக் கேட்கும் கேள்வி: இந்த மத்திமம் சரியாகப் பேசுகிறதா? இரண்டாவது கேள்வியை நேர்மையாகக் கேட்டிருந்தால் முதல் கேள்வி பல இடங்களில் தானாக உதிர்ந்திருக்கும். ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) நாச்சியார்கோயில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்றுக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி பெற்றார். எல்லாக் கதவுகளும் அவருக்கு எளிதாகத் திறந்தன என்று நான் சொல்லவரவில்லை. அவர் ஊதியபோது கேட்டவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

மேட்டிமைத்தனம் இன்னொரு உருவத்திலும் வரும். அது மிகவும் அன்பாகப் பேசும் உருவம் என்பதால் மூத்தவரின் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். 'அவர்களுக்கு இது போதும்' என்பது அதன் வாசகம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இதற்கு மேல் எதற்கு என்று உங்கள் மேலாளர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பவன் மூலப் பாடத்தையே படித்துவிடுகிறான்; அதை யாரோ கவனமாக எழுதி, சரிபார்த்து, படம் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் தமிழைப் படிக்கப்போகிறவன் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாத வீட்டுப் பையன், அல்லது பெண். ஒரே நிறுவனம், ஒரே பாடம். ஒருவனுக்கு மூலம், மற்றவனுக்குக் கணினி துப்பியதை எழுத்துப்பிழை நீக்கிய பிரதி. வாசலுக்கு வெளியே நிறுத்துவது என்று மூத்தவர் சொன்னாரே, இங்கே அதைச் செய்வது எது? தரமா, தரமின்மையா? அடுத்த கூட்டத்தில் அவரிடம் இதைக் கேளுங்கள். சண்டையாகக் கேட்காதீர்கள், அவர் புரிந்துகொள்ளக்கூடியவர் என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

கவிதைக் கூட்டத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சொன்னது சரியாக இருந்திருக்கலாம். சொன்ன விதம் நரசிங்கம்பேட்டை விதம் இல்லை. என் நண்பர் கருவியை நீட்டியபோது அங்கே மூன்று பேர்தான் இருந்தோம். கருவி இன்னும் விற்கப்படவில்லை, சுரண்டுவதற்கு மரம் மிச்சமிருந்தது. நீங்கள் அச்சாகி, அட்டை போட்டு, பொன்னாடையும் போர்த்திய பிறகு, மேடையில், அவர் வீட்டார் முன்னிலையில் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்த நிலையில் அவர் என்ன செய்ய முடியும்? முப்பத்தெட்டுக் கவிதைகளைத் தின்றுவிடவா முடியும்? கையெழுத்துப் பிரதியாக இருந்தபோது அவர் உங்களிடம் காட்டினாரா, காட்டியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

உங்களுக்குப் போதிக்கும் யோக்கியதை எனக்கு எந்த அளவுக்கு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் சிறுகதைகளைக் கொண்டுவந்து முன்னுரை கேட்டார். கதைகள் எல்லாம் ஒரே வார்ப்பு: ஒரு கெட்டவன், அவனுக்கு ஒரு விபத்து, மருத்துவமனையில் மனமாற்றம். மனிதர் மிக நல்லவர். வரும்போது மனைவி செய்த அதிரசம் கொண்டுவந்திருந்தார். நான் முன்னுரையில் 'எளிமையான நடை', 'சமூக அக்கறை', 'வாழ்வின் பல்வேறு முகங்கள்' என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு சொற்றொடரும் பொய்யென்று யாரும் நிரூபிக்க முடியாதபடி கவனமாகத் தேர்ந்தெடுத்தவை. எட்டு ஆண்டுகள் கழித்து அவர் இன்னொரு கட்டுடன் வந்தார். நாவல். நானூறு பக்கம். பணிக்கொடையில் மிச்சமிருந்ததைப் போட்டுத் தாமே அச்சிடப் போவதாகச் சொன்னார். புரட்டினேன், இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் ஒரு விபத்து வந்தது. இந்தத் தடவை துணிந்து, இதை அச்சிட வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. முதல் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, என் முன்னுரையைப் பிரித்து, என்னிடமே காட்டினார். அதில் அவர் அடிக்கோடு இட்டிருந்தார்.

எட்டு ஆண்டுகள். முதல் நாளே அந்த அதிரசத்தை மறந்துவிட்டு உட்கார்ந்து ஒரு கதையையாவது வரிவரியாகப் பார்த்திருந்தால், அவர் எழுதுவதை நிறுத்தியிருக்கலாம், அல்லது உண்மையாகவே எழுதத் தொடங்கியிருக்கலாம். அவருடைய வகுப்பறை அனுபவம் முப்பத்தைந்து ஆண்டுகள். அதைப் பற்றி ஒரு வரிகூட அவர் எழுதியிருக்கவில்லை. நான் அவரிடம் அதைக் கேட்கவும் இல்லை.

இப்போது உங்கள் 1200 சொற்கள். எல்லாவற்றிலும் உச்சத்தைத் தேடுகிறேன் என்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே அளவு மெனக்கெடுவது, எந்தச் சொல் முக்கியம் என்று தெரியாததன் அடையாளமாகவும் இருக்கலாம். ரங்கநாதன் ஆசாரியின் பெயர் இன்று நினைக்கப்படுவது அணைசின் வெளிப்புற மெருகுக்காக இல்லை. பாடத்தின் பின்னால் வரும் பயிற்சி வினாக்கள், 'சரியா தவறா', 'கோடிட்ட இடத்தை நிரப்புக' போன்றவற்றை உங்கள் நண்பர்கள் செய்வதுபோலவே கணினியில் போட்டுத் திருத்தி அனுப்புங்கள், அதில் பாவமில்லை. ஒரு கருத்து முதன்முறையாக மாணவனுக்கு அறிமுகமாகும் பத்தி எது என்று கண்டுபிடித்து, அங்கே அரைநாள் செலவிடுங்கள். அப்படிச் செய்தால் 2500ஐ எட்டுவீர்களா என்று எனக்குத் தெரியாது, 1800ஐ எட்டக்கூடும்.

நீங்கள் அனுப்பிய பக்கம். ஆவியாதல் பாடம். முதல் பத்தியில், 'மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைக்க மறந்துவிட்டீர்கள். மாலையில் வந்து பார்த்தால் அங்கே தண்ணீர் இல்லை' என்று தொடங்கியிருக்கிறீர்கள். மூலத்தில் இது எப்படி இருந்தது என்று தெரியவில்லை. தமிழில் இது பிறந்த வாக்கியம். இரண்டாம் பத்தியில், 'உலர்தல் நிகழ்வானது காற்றின் வேகத்தினால் துரிதப்படுத்தப்படுகிறது' என்கிறீர்கள். முதல் பத்தியை எழுதியவர் இதை எப்படி உள்ளே விட்டார்? உங்கள் கேள்விதான். காற்றடித்தால் துணி சீக்கிரம் காயும். அடுத்த வரியில் 'ஈரப்பதம் மிகும்போது ஆவியாதல் வீதம் குறைவடைகிறது' என்று வருகிறது. கலைச்சொல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி மாதத்தில் கொடியில் போட்ட சட்டை இரண்டு நாளாகியும் காயாமல் நாறுவது அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரியும். அதை முதலில் சொல்லிவிட்டுக் கலைச்சொல்லைப் பிறகு கொடுங்கள்.

இவை நடை. நான்காம் பத்தியில் இருப்பது நடையல்ல. 'நீர் 100 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஆவியாகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மேசையில் சிந்திய தண்ணீர் எப்படிப் போயிற்று? ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பில் நடந்துகொண்டிருப்பது. 100 டிகிரியில் நடப்பது கொதித்தல், அது நீரின் உள்ளே எங்கும் குமிழியிட்டு எழுவது. மூலத்தில் இருந்த இரண்டு வெவ்வேறு சொற்களுக்கு நீங்கள் ஒரே சொல்லைப் போட்டிருக்க வேண்டும், அல்லது மூலத்திலேயே பிழை இருந்திருக்க வேண்டும். எதுவானாலும், 'துரிதப்படுத்தப்படுகிறது' என்ற சொல்லுக்கு நீங்கள் செலவிட்ட நேரத்தில் இது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டாம் பத்தியையும் நான்காம் பத்தியையும் மாற்றி எழுதி அனுப்புங்கள். அவசரமில்லை, மூன்று வாரம் கழித்துக்கூட அனுப்பலாம்.

அன்புடன்.